எல்லைக் கோடும் பிறையும்: ஓசூரிலிருந்து சில எண்ணங்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

ஓசூரில் குடியிருக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கு ‘வெளிமாநிலம்’ என்னும் சொல் சற்று விந்தையானது. மற்ற ஊர்களில் அச்சொல் இரவு முழுவதும் ரயிலில் அமர்ந்து செல்லும் ஓரிடத்தைக் குறிக்கும். இங்கோ அது நகரப் பேருந்து முடியும் இடம். ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி; அதற்கு அப்பால் பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி. காலை ஷிப்டுக்குக் கன்னட நாட்டில் நுழைந்து, மாலையில் தமிழ்நாட்டில் நோன்பு திறக்கும் சகோதரர்கள் நம் ஜமாஅத்துகளில் ஏராளம். ஆனேக்கலில் பெண் எடுத்தவர்களும், கோரமங்களாவில் மகளைக் கட்டிக்கொடுத்தவர்களும் உண்டு. ஆயினும் இவர்கள் கூடிப் பேசும்போது, “அங்கே அப்படி, இங்கே இப்படி” என்று இரு தனித் தேசங்களைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் எவ்வளவு மெய், எவ்வளவு வழக்கத்தால் வந்த எண்ணம் என்பதைச் சற்று ஆராய விரும்புகிறோம்.

இக்கோடு பழைமையானதன்று. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்த நிலங்களுள் பாராமகாலும் ஒன்று. கிருஷ்ணகிரி அதில் அடங்கியது. அதற்கு முன் இரு பக்கத்தாரும் ஒரே ஆட்சியின் குடிமக்கள். இன்றைய மாநில எல்லை 1956 நவம்பர் 1 முதல் மொழிவழியில் வகுக்கப்பட்டது. சேலத்திலிருந்து 1965இல் தருமபுரியும், தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரியும் தனி மாவட்டங்களாயின. மொழிவழி எல்லை என்று சொல்கிறோம். ஆனால் ஓசூர்க் கடைத்தெருவில் கால் மணி நேரம் நின்றால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் தக்கனி உருதுவும் மாறி மாறிக் காதில் விழும். கோடு போட்டவர்களின் மை உலர்ந்துவிட்டது. மக்களின் நாவு அதற்கு அடங்கவில்லை.

பயணி முதலில் காண்பது பெயர்ப்பலகை. தமிழ் எழுத்து மறைந்து கன்னட எழுத்து தோன்றும். அடுத்துக் காண்பது பேருந்துச் சீட்டு. தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் சக்தித் திட்டத்தின்கீழ் அம்மாநில முகவரியுள்ள பெண்கள் கட்டணமின்றிச் செல்கிறார்கள். ஆகவே நம் ஊர்ச் சகோதரி எல்லை வரை காசின்றிச் செல்கிறார். எல்லைக்கு அப்பால் அதே சகோதரி பணம் எண்ணிக் கொடுக்கிறார். பக்கத்து இருக்கையில் இருக்கும் அவருடைய நாத்தனார் கொடுப்பதில்லை. இதில் நகைப்பதற்குச் சிறிதும், சிந்திப்பதற்குச் சிறிதும் இருக்கின்றன.

ரமலானில் இன்னொரு வேறுபாடு தென்படும். நம் மாநிலத்தில் பள்ளிவாசல்களுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சுவதற்கென அரசு அரிசி வழங்குகிறது. அஸருக்குப் பின் தூக்குப் பாத்திரத்தோடு சிறுவர்கள் வரிசையில் நிற்பது தமிழ் முஸ்லிம்களின் வாழ்வோடு கலந்த காட்சி. முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாரும் கேட்டு வாங்கிச் செல்வார்கள். பெங்களூர்ப் பள்ளிவாசல்களில் பெரும்பாலும் பேரீச்சம்பழம், நறுக்கிய பழங்கள், சமோசா, சர்பத். கஞ்சி இல்லாத நோன்பு நோன்பா என்று திருநெல்வேலியிலிருந்து வந்த சகோதரர் குறைபட்டுக்கொள்வார். கஞ்சி சுன்னத்தன்று, பேரீச்சம்பழமே சுன்னத் என்று அவருக்கு எடுத்துச் சொன்னால் முகம் வாடிவிடும். வழக்கத்தை மார்க்கமாக்க வேண்டியதில்லை. நல்ல வழக்கத்தை இழக்கவும் வேண்டியதில்லை.

மாநில வேறுபாடு என்று பலரும் எண்ணும் ஒன்று உண்மையில் மாநிலத்தால் வந்ததன்று. இராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து தொழிற்பேட்டை வேலைக்கு வரும் ஷாஃபிஈ மத்ஹபினர், “கன்னட நாட்டில் அஸர் தாமதமாகச் சொல்கிறார்கள்” என்பார்கள். பெங்களூர்ப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்றுவதால், ஒரு பொருளின் நிழல் அதைப்போல் இரு மடங்காகும்போதே அங்கு அஸர் நேரம் தொடங்குகிறது. ஷாஃபிஈயில் ஒரு மடங்கு. ஆனால் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள ஹனஃபீப் பள்ளிகளிலும் இதே நிலைதானே? அந்த வேறுபாடு ஜூஜூவாடியில் தொடங்கவில்லை. சகோதரர் அதை அங்கே பார்த்தார், அவ்வளவே.

கஸ்ர் தொழுகையிலும் இதே குழப்பம். “மாநிலம் தாண்டிவிட்டேன், இரண்டு ரக்அத் போதுமா?” என்று கேட்போர் உண்டு. ஷரீஅத் தொலைவைப் பார்க்கிறது, சோதனைச்சாவடியைப் பார்ப்பதில்லை. நம் உலமாக்கள் கணக்கிடும் பயணத் தொலைவு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40. எனவே நாள்தோறும் வேறு மாநிலத்துக்குச் சென்று திரும்பும் ஓசூர்ச் சகோதரர் முழுமையாகவே தொழ வேண்டும். வேலூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வரும் சகோதரரோ தம் மாநிலத்தை விட்டு ஓர் அடியும் அகலாமலேயே முஸாஃபிர் ஆகிவிடுகிறார்.

எனினும் எல்லாமே கற்பனைக் கோடு என்று சொல்லிவிட முடியாது. அரசும் சட்டமும் தொடும் இடங்களில் அக்கோடு கூர்மையானது. நம் பிள்ளைகளின் கல்வியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. லப்பை, தக்கனி, ஷேக், சையத், மாப்பிள்ளை, அன்சார், தூதேகுலா ஆகிய பிரிவினர் இதில் அடங்குவர். கர்நாடகத்தில் 2பி என்னும் பிரிவில் 4 விழுக்காடு. 2023 மார்ச்சில் அன்றைய கர்நாடக அரசு அதை நீக்க முடிவெடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அம்முடிவை இப்போதைக்குச் செயல்படுத்துவதில்லை என்று அரசே அங்கு உறுதி கூறியது. ஓர் அறிவிப்பில் எழுதப்பட்டதை மற்றோர் அறிவிப்பில் அழிக்க முயலலாம் என்பதை அந்தச் சில வாரங்கள் நமக்குக் காட்டின. எல்லை தாண்டிக் குடியேறும் பெற்றோர், பிள்ளையின் சாதிச் சான்றிதழ் எந்த மாநிலத்தில் செல்லும் என்பதை வீடு பார்க்கும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒரு மாநிலத்தின் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் மற்றொரு மாநிலத்தின் ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின்னர் இதை அறிந்து திகைக்கும் குடும்பங்கள் உண்டு.

பெண்பிள்ளைகளின் செய்தி இன்னும் கனமானது. உடுப்பி அரசுக் கல்லூரி ஒன்றில் எழுந்த பிரச்சினையை அடுத்து, 2022 பிப்ரவரி 5 அன்று கர்நாடக அரசு சீருடை குறித்த ஆணையைப் பிறப்பித்தது. மார்ச் 15 அன்று உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஹேமந்த் குப்தாவும் சுதான்ஷு துலியாவும் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தனர். அவ்வாண்டு முழுவதும் நம் பக்கத்துப் பெற்றோர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: மகளை பெங்களூருக்கு அனுப்பலாமா? தமிழ்நாட்டில் அத்தகைய ஆணை இல்லை. அதற்கு நன்றி பாராட்டுகிறோம். ஆனால் அக்கேள்விக்குப் பல வீடுகளில் கிடைத்த விடை, “அப்படியானால் படிப்பே வேண்டாம்” என்பதாக இருந்தது என்பதை வேதனையோடு குறிப்பிடுகிறோம். பெங்களூர் வேண்டாம் என்றால் கிருஷ்ணகிரியில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. ஓசூரில் கல்லூரிகள் இருக்கின்றன. பக்கத்து மாநிலத்தின் ஆணையை நம் வீட்டுச் சோம்பலுக்குச் சாக்காக்குவது அப்பிள்ளைக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி. எல்லையைத் தாண்ட அஞ்சிய தந்தை, எல்லைக்கு இப்பால் இருக்கும் கல்லூரியின் விண்ணப்பப் படிவத்தையாவது வாங்கி வந்திருக்க வேண்டும்.

குர்பானி பற்றியும் ஒரு சொல். 2021 முதல் நடைமுறையில் உள்ள கர்நாடகச் சட்டம், 13 வயதைக் கடந்த எருமை தவிர மற்ற மாட்டினங்கள் எதையும் அறுக்க இடந்தருவதில்லை. பிற மாநிலத்துக்கு மாடு கொண்டுசெல்வதிலும் கடுமை காட்டுகிறது. விலை குறைவு என்று எல்லை தாண்டிப் பேரம் பேசும் சகோதரர்கள் ஆட்டோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

கோடு எவ்வளவு கூர்மையாக முடியும் என்பதை 2016இல் கண்டோம். காவிரி நீர் தொடர்பாகச் செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் கொளுத்தப்பட்டன. மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள். பேருந்துகள் இரு பக்கமும் எல்லையோடு நின்றுவிட, ஊர் திரும்பியோர் பெட்டிகளையும் கைக்குழந்தைகளையும் சுமந்துகொண்டு அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு நடந்தார்கள். அக்கூட்டத்தில் எல்லாச் சமயத்தவரும் இருந்தனர். பெருநாளுக்கு வீடு வந்து சேர வேண்டிய நம்மவரும் இருந்தனர். மற்ற நாள்களில் பேருந்தில் உறங்கிக்கொண்டே கடக்கும் அந்தச் சிறு தொலைவு அன்று ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குச் செல்லும் தொலைவாயிற்று.

மொழி நம் ஜமாஅத்துக்குள்ளேயே இருக்கும் எல்லை. எல்லைக்கு அப்பால் உருது வழிப் பள்ளிகள் பரவலாக உள்ளன. அங்குள்ள தக்கனி வீட்டுப் பிள்ளை உருதுவில் எழுதப் படிக்கக் கற்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். சிறுபான்மை மொழியினர் விலக்குக் கேட்டு நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு. இதன் விளைவு என்ன? ஓசூரின் தக்கனி வீட்டுப் பிள்ளை வீட்டில் உருது பேசுகிறது, பள்ளியில் தமிழ் எழுதுகிறது, உருது எழுத்தைக் கண்டால் விழிக்கிறது. நம் மதரஸா வகுப்பில் இதை நாள்தோறும் காண்கிறோம். ‘வுளூவின் ஃபர்ளுகள் எத்தனை?’ என்று தமிழில் கேட்டால் உடனே கை உயர்கிறது. உருதுக் கிதாபைத் திறந்தால் தலை தாழ்கிறது. ஆனாலும் பல பள்ளிகளில் ஜும்ஆ பயான் இலக்கிய உருதுவில் நிகழ்கிறது. முன்வரிசையில் இருக்கும் முதியோருக்கு அது தேன். பின்வரிசையில் திருச்சியிலிருந்து வந்தவரும், ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளியும், பதினைந்து வயது தக்கனிச் சிறுவனும் அமர்ந்திருக்கிறார்கள். பிஹார், ஜார்க்கண்ட் சகோதரருக்கு ஓரளவு விளங்கும். நம் ஊரிலேயே பிறந்த சிறுவனுக்கு விளங்காது. இதைவிட விந்தை உண்டோ? உருதுவைக் கைவிடச் சொல்லவில்லை. பத்து நிமிடம் தமிழில் அதன் சாரத்தைச் சொல்லுங்கள் என்றுதான் முத்தவல்லிகளையும் பேஷ் இமாம்களையும் கேட்கிறோம். மொழி போய்விடும் என்று அஞ்சுவோருக்கு ஒன்று சொல்வோம்: மொழியைக் காக்க மாலை வகுப்பு இருக்கிறது, ஜும்ஆ அதற்கான இடமன்று.

உலமாக்களுக்கு மட்டும் இந்தக் கோடு என்றும் தடையாக இருந்ததில்லை. வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத்தில் கன்னட நாட்டு மாணவர்களும், பெங்களூர் ஸபீலுர் ரஷாதில் தமிழ்நாட்டு மாணவர்களும் ஓதிப் பட்டம் பெற்றிருக்கிறார்கள். எல்லைக்கு அப்பால் பாகவிகளும் இப்பால் ரஷாதிகளும் மிம்பரில் நிற்கிறார்கள். அப்படியிருக்க, ஒரே ஒரு மாலையில் மட்டும் அந்த உலமாக்களிடையே மாநில எல்லை எழுந்து நிற்பது ஏன்? ஷஅபான் இருபத்தொன்பதின் மாலையையும், ரமலான் இருபத்தொன்பதின் மாலையையுமே சொல்கிறோம்.

அதற்கு முன் கடிகாரத்தைப் பார்ப்போம். சென்னை ஏறத்தாழ 80.3 பாகைக் கிழக்கிலும், ஓசூர் 77.8 பாகையிலும், பெங்களூர் 77.6 பாகையிலும் உள்ளன. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே சென்னையில் சூரியன் மறைந்து சுமார் பத்து நிமிடம் கழித்தே ஓசூரில் மறைகிறது. பெங்களூருக்கும் ஓசூருக்கும் ஒரு நிமிட வேறுபாடுதான். இது வெறும் புவியியல் பாடமன்று. சென்னைத் தொலைக்காட்சியில் மஃரிப் பாங்கு கேட்டு ஓசூரில் பேரீச்சம்பழத்தை வாயில் இடுபவர் சூரியன் வானில் இருக்கும்போதே நோன்பை முறித்துவிடுகிறார். அந்நோன்பைக் களாச் செய்ய வேண்டும். கிருஷ்ணகிரிக்கும் சுமார் எட்டு நிமிடக் கணக்கு உண்டு. சென்னை அட்டவணையை அப்படியே சுவரில் ஒட்டியுள்ள வீடுகள் இதைக் கவனிக்கட்டும்.

இப்போது பிறைக்கு வருவோம். தமிழ்நாட்டில் அரசின் தலைமை காஜி சென்னையிலிருந்து அறிவிக்கிறார். கர்நாடகத்தில் பெங்களூரில் உலமாக்களின் பிறைக் குழு கூடி அறிவிக்கிறது. இரு அறிவிப்புகளும் ஒன்றாக அமையும் ஆண்டுகளில் எவரும் எதையும் எண்ணுவதில்லை. மாறுபட்டால், அத்திப்பள்ளியில் பெருநாள் தக்பீர் முழங்கும்போது ஜூஜூவாடியில் நோன்பு இருக்கும். பிரிவு எப்படி இருக்கும் என்பதை அறிய நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. 2024இல் கேரளத்தில் ஏப்ரல் 10 அன்றும் தமிழ்நாட்டில் ஏப்ரல் 11 அன்றும் ஈதுல் ஃபித்ர். வாளையாற்றுக்கு அந்தப் பக்கம் பாலக்காட்டில் பெருநாள். இந்தப் பக்கம் கோயம்புத்தூரில் முப்பதாம் நோன்பு. அதே நாளில் கர்நாடகத்துக்குள்ளேயே மங்களூர், உடுப்பிக் கடற்கரை முஸ்லிம்கள் கேரளத்தோடு சேர்ந்து ஏப்ரல் 10 அன்று கொண்டாடினர். பெங்களூர் 11 அன்று கொண்டாடியது. 2018இலும் அக்கடற்கரை ஜூன் 15, பெங்களூர் ஜூன் 16. அவர்கள் தங்கள் மாநிலத் தலைநகரைப் பார்க்கவில்லை. தங்கள் கடற்கரையின் அடிவானத்தைப் பகிர்ந்துகொள்ளும் அண்டை மக்களைப் பார்த்தார்கள். இம்முன்மாதிரி நம் சிந்தனைக்கு உரியது.

மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது? ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் குரைப் (ரஹ்) அவர்களின் செய்தி மதரஸா மாணவர் அறிந்ததே. ஷாமில் வெள்ளி இரவு பிறை காணப்பட்டது. மதீனாவில் சனி இரவு. மதீனா திரும்பிய குரைப் அதை அறிவித்தபோது, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஷாமின் பிறையை மதீனாவுக்கு எடுத்துக்கொள்ளவில்லை; நபி (ஸல்) அவர்களின் கட்டளை அவ்வாறே என்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபினர் இதைக் கொண்டு, உதய இடங்கள் வேறுபட்டால் பிறையும் வேறுபடும் என்றனர். ஆனால் அருகருகே உள்ள, ஒரே அடிவானத்தைக் கொண்ட ஊர்களுக்கு ஓர் ஊரின் பிறை மற்றதற்கும் பொருந்தும் என்பது அம்மத்ஹபிலும் முடிவான சட்டமே. ஹனஃபீ மத்ஹபின் பிரபலமான கூற்றோ உதய இட வேறுபாட்டையே கணக்கில் கொள்வதில்லை. மதீனாவும் ஷாமும் எங்கே, ஓசூரும் பெங்களூரும் எங்கே! எந்த மத்ஹபைத் திறந்தாலும் ஓசூரும் பெங்களூரும் ஒரே வானத்தின்கீழ்தான் இருக்கின்றன. 1956ஆம் ஆண்டின் எல்லை எந்த ஃபிக்ஹு நூலிலும் அடிவானமாக எழுதப்படவில்லை.

“அப்படியானால் நாங்களே பெங்களூர் அறிவிப்பைக் கேட்டுப் பெருநாள் கொண்டாடலாமா?” என்று இளைஞர்கள் கேட்பார்கள். கூடாது என்பதே நம் கருத்து. மக்கள் அனைவரும் நோன்பு நோற்கும் நாளே நோன்பு, மக்கள் அனைவரும் பெருநாள் கொண்டாடும் நாளே பெருநாள் என்னும் கருத்தில் திர்மிதீயில் ஹதீஸ் உண்டு. ஒரு தெருவில் இரு பெருநாள் என்பது எல்லைக் கோட்டைவிடக் கொடிய கோடு. காஜியின் தீர்ப்புக்கு ஒரு வரம்பும் ஒழுங்கும் தேவை என்பதையும் மறுக்கவில்லை. இடையில் பயணம் செய்பவருக்குச் சட்டம் தெளிவாகவே உள்ளது. ஒரு நாள் முந்தித் தொடங்கிய ஊரிலிருந்து பிந்திய ஊருக்கு வந்தால், முப்பத்தொன்று ஆனாலும் அவ்வூராருடன் நோன்பு நோற்க வேண்டும். பிந்திய ஊரிலிருந்து முந்திய ஊருக்குச் சென்று இருபத்தெட்டில் பெருநாள் வந்தால், அவர்களோடு கொண்டாடிப் பின்னர் ஒன்றைக் களாச் செய்ய வேண்டும்.

பழுது பொதுமக்களிடம் இல்லை. செய்தி செல்லும் வழியில் இருக்கிறது. ஜூஜூவாடியில் ஒருவர் பிறை கண்டால் அச்சாட்சியம் முந்நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னைக்குச் செல்கிறது. அத்திப்பள்ளியில் கண்டால் நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் பெங்களூருக்குச் செல்கிறது. இருவரும் ஒரே வானத்தின் ஒரே மூலையைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே நாம் கேட்பது சிறியது. ஓசூர், பாகலூர், தளி ஜமாஅத்துகளும் அத்திப்பள்ளி, ஆனேக்கல் ஜமாஅத்துகளும் இருபத்தொன்பதாம் நாள் மாலை ஒன்றுகூடி ஓரிடத்தில் பிறை பார்க்கட்டும். கண்டவரிடம் அங்கேயே இரு பக்கத்து ஆலிம்களும் சாட்சியத்தைப் பெற்று, ஒரே வாசகத்தை எழுதி, ஒரு படியைச் சென்னைக்கும் ஒரு படியைப் பெங்களூருக்கும் உடனே அனுப்பட்டும். சென்னை அதை ஏற்பதும் தவிர்ப்பதும் காஜியின் உரிமை. ஆனால் எல்லைக்கு அப்பால் கண்டதால் மட்டும் ஒரு நேர்மையான முஸ்லிமின் சாட்சியம் அவர் மேசையை எட்டாமல் போகக் கூடாது.

இதற்குக் கட்டடமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். மேற்கே மரமும் தொழிற்சாலைக் கூரையும் மறைக்காத ஒரு மேடு, ஒரு நல்ல தொலைநோக்கி, இரு மொழி எழுதத் தெரிந்த ஒருவர், இரு மாநிலத் தொலைபேசி எண்கள் போதும். வரும் ஷஅபான் இருபத்தொன்பதுக்கு முன் எந்த முத்தவல்லியாவது முன்வந்து இடம் குறித்துச் சொன்னால், நம் மதரஸாவின் மூத்த மாணவர்களை அழைத்துக்கொண்டு அஸர் தொழுததும் அங்கே வந்து சேர்கிறோம், இன்ஷா அல்லாஹ்.